கப்பெஸ்தாங்ல இடம் இல்ல

குழு: காரைக்கால் – ரெயூனியன் சொந்தங்க
(தென் பிரான்சுல மிதி கால்வாய் (கனால் து மிதி) வழியா ரெண்டு வாடகைப் படகு: ஒண்ணுல குமார், அனிதா; இன்னொண்ணுல ரவி, செல்வி, பிள்ளைங்க. கப்பெஸ்தாங், லெ சொமாய் எல்லாம் கரையோர ஊருங்க. நேரம் எல்லாம் ரெயூனியன் நேரம். பிரான்சுல இதைவிட ரெண்டு மணி நேரம் கம்மி.)

திங்கட்கிழமை

[19:04] குமார்: கப்பெஸ்தாங் வந்தாச்சு. கரையில இடமும் கிடைச்சாச்சு. லெ சொமாய்ல இருந்து மூணு மணி நேரம். பாலம் அவ்ளோ தாழ்வு, அதுக்கு அடியில தலையக் குனிஞ்ச அனிதா இன்னும் நிமிரல.

[19:05] பெரியம்மா: சாப்டீங்களா

[19:05] அனிதா: இங்க சாயங்காலம் அஞ்சு மணிதான் பெரியம்மா

[19:06] பெரியம்மா: அஞ்சு மணின்னா ஒண்ணும் சாப்பிடக் கூடாதா

[19:09] மாலா சித்தி: குமாரு, நாங்க 16ஆம் தேதி படகு எடுக்கிறோம்ல. எதெது கஷ்டம்னு இப்பவே சொல்லிடு. உங்க சித்தப்பாவுக்குக் காரையே நேரா நிறுத்த வராது.

[19:15] குமார்: ஓட்டுறது ஒண்ணுமே இல்ல சித்தி. லைசென்சு வேண்டாம், கொஞ்ச நேரம் சொல்லிக் குடுத்துட்டு சாவியக் கையில குடுத்துட்டாங்க. மணிக்கு 8 கிலோமீட்டர்தான் உச்சம், சைக்கிள்காரன் நம்மளத் தாண்டிப் போறான். கஷ்டம் பூரா நிறுத்துறதுலதான். இதுக்கு பிரேக்கு கிடையாது. ரிவர்ஸ் போட்டா பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கமா ஒதுங்குது. காத்து அடிச்சா கரையே விலகிப் போற மாதிரி இருக்கும். கரையில நிக்கிற எல்லாரும் ஒயின் கிளாசோட வேடிக்கை வேற.

[19:17] செல்வி: நாங்க இன்னும் வழியிலதான் அக்கா. இவர் லெ சொமாய்ல பழைய புத்தகக் கடைக்குள்ள போனவர், ஒன்றரை மணி நேரம் கழிச்சு வெறும் கையோட வர்றார்.

[19:18] அனிதா: நேத்து எக்ளூஸ்ல நடந்ததச் சொன்னியா?

[19:18] செல்வி: அக்கா வேண்டாம்

[19:19] பெரியம்மா: எக்ளூஸ்னா என்ன

[19:24] திவ்யா: கால்வாய் படியிறங்குற இடம் பெரியம்மா. ரெண்டு பக்கமும் கதவு வச்ச தொட்டி. படகு உள்ள வந்ததும் கதவ மூடி தண்ணிய வடிப்பாங்க, படகும் கூடவே இறங்கும். இந்தக் கால்வாயக் கட்டின ரிக்கே தொட்டிய முட்டை வடிவத்துல கட்டினார், மண்ணோட அழுத்தத்துல சுவர் உள்பக்கம் சரியாம இருக்க. ஆனா சுவர் வளைஞ்சிருக்கிறதால படகு அதோட ஒட்டி நிக்காது. புதுசா ஓட்டுறவங்க அங்கதான் திணறுவாங்க.

[19:26] குமார்: நம்ம ரவி திணறல. கயித்த நல்லா இறுக்கி முடிச்சு போட்டுட்டு காப்பி போட உள்ள போயிட்டான். தண்ணி இறங்குது, படகு இறங்கல. ஒரு பக்கம் தொங்குது. தட்டு, டம்ளர், தாளிச்சு வச்ச கடாய் எல்லாம் தரையில. எக்ளூஸ்காரம்மா ஓடி வந்து பட்டனை அமுக்கித் தண்ணிய நிறுத்தினாங்க. இல்லன்னா கயிறு அறுந்திருக்கும், இல்ல கட்டையே பேந்து வந்திருக்கும்.

[19:31] கோபால் பெரியப்பா: இறங்குற தண்ணியில எவனாவது கயித்த முடிச்சு போடுவானா? கட்டையில ஒரு சுத்து, நுனி உன் கையில. படகு இறங்க இறங்க விட்டுக் குடுக்கணும். எங்க அப்பா இருந்திருந்தா அந்தக் கயித்தாலயே அடிச்சிருப்பார்.

[19:32] ரவி: பெரியப்பா நீங்க இன்னும் தூங்கலயா

[19:32] கோபால் பெரியப்பா: காரைக்கால்ல கரண்டு இல்ல. நீ பேச்ச மாத்தாத.

[19:40] குமார்: டேய் ரவி, சீக்கிரம் வா. உனக்கு இடம் புடிச்சு வச்சிருக்கேன். எனக்கும் முன்னாடி படகுக்கும் நடுவுல ஒரு படகு நீளம் விட்டுக் கட்டியிருக்கேன். கரையில நம்ம மடக்கு நாற்காலி ரெண்டு போட்டாச்சு, அனிதாவோட துண்டும் காயுது.

[19:42] திவ்யா: அண்ணா, அது நம்ம ரெயூனியன் எர்மித்தாழ் கடற்கரை இல்ல

[19:43] குமார்: ஏன், ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடியே போய் ஃபிலாவோ (சவுக்கு) மரத்தடியில தார்ப்பாய் கட்டி பத்து குடும்பத்துக்கு இடம் புடிக்கிறவன் நான். அங்க எவனும் ஒண்ணும் சொன்னதில்ல.

[19:49] மணி மாமா: அங்க எல்லாரும் அதையே பண்றாங்க, அதனால சொல்லல. இங்க அது பெரிய தப்பு மாப்ள. ரெண்டு வருஷம் முந்தி நாங்களும் இதே ஊர்லதான் முழிச்சோம். அர்ழான்ஸ் எக்ளூஸ்ல இருந்து பெசியே ஊருக்கு முன்னாடி ஃபொன்செரான் எக்ளூஸ் வரைக்கும் 54 கிலோமீட்டர், நடுவுல ஒரு எக்ளூஸ் கூட கிடையாது. அதனால வாடகைப் படகு எல்லாம் இந்தப் பக்கம்தான் மொய்க்கும். சாயங்காலம் ஆனா அத்தனை பேருக்கும் கப்பெஸ்தாங், கொலம்பியே மாதிரி நாலஞ்சு ஊர்தான். யார் முன்னாடி வர்றாங்களோ அவங்களுக்கு இடம், வராத படகுக்கு இடம் கிடையாது. முன்னாடி படகோட ஒட்டிக் கட்டு, இடைவெளி விடாத. அரைப் படகு அரைப் படகா நாலு பேரு விட்டா ரெண்டு குடும்பத்துக்கு ராத்திரி இடம் போச்சு.

[19:50] குமார்: அவன் இதோ வந்துடுவான் மாமா

[20:12] குமார்: ஒரு வயசான ஜோடி வந்தாங்க, சொந்தப் படகு, ஜெர்மன் கொடி. இடம் கேட்டாங்க. தம்பி வர்றான்னு சொல்லிட்டேன். அந்தம்மா நாற்காலியப் பாத்துச்சு, துண்டப் பாத்துச்சு, சிரிச்சுக்கிட்டே கையாட்டிட்டுப் போச்சு.

[20:13] அனிதா: எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. அவங்களுக்கு எழுபதுக்கு மேல இருக்கும்.

[20:14] பெரியம்மா: பாவம் தம்பி குடுத்திருக்கலாம்

[20:36] அனிதா: கப்பித்தெனரியில (படகுத்துறை ஆபீஸ்ல) இருந்து ஒரு பையன் வந்தான். திட்டல, வாயே திறக்கல. நாற்காலி ரெண்டையும் மடக்கி இவர் கையில குடுத்தான். வளையத்துல இருந்து கயித்த அவுத்து அதையும் இவர் கையில குடுத்தான். முன்னாடி போங்கனு விரல காட்டினான். நாற்காலி, கயிறு, துண்டு எல்லாத்தையும் சுமந்துக்கிட்டு இவர் படகு கூடவே கரையில நடந்து வர்றார். அக்கம்பக்கத்துப் படகு முழுக்கப் பாத்துச்சு.

[20:37] குமார்: அதையெல்லாம் குரூப்ல போடணுமா

[20:38] மாலா சித்தி: போடு போடு, எனக்கு உதவும்

[20:44] அனிதா: எங்களுக்குப் பின்னாடி விழுந்த இடத்துல அந்த ஜெர்மன் ஜோடியே திரும்பி வந்து கட்டிட்டாங்க. இவர் படகுக்குள்ள போய் படுத்துட்டார்.

[21:25] ரவி: வந்துட்டோம். எங்கயும் இடம் இல்ல. ஊருக்கு வெளிய கட்டியாச்சு, பிரச்சினை இல்ல. படம் பாருங்க. கயிறு எவ்ளோ கெட்டியா இருக்கு.

[21:25] ரவி: படம்

[21:27] திவ்யா: ரவி அண்ணா, அது பிளாத்தான் மரம், கால்வாய்க் கரையோட நிழல் மரம்! உடனே அவுங்க!!

[21:28] ரவி: ஏன், மரம் தாங்கும்

[21:33] திவ்யா: மரத்துல கட்டவே கூடாது, தடை. இங்க மரமே செத்துக்கிட்டு இருக்கு. ஒரு பூஞ்சை நோய், இந்தக் கால்வாய்ல 2006ல கண்டுபிடிச்சாங்க. மருந்து கிடையாது, வெட்டி எரிக்கிறதுதான் வழி. 42,000 மரம் இருந்த கால்வாய் இது, ஆயிரக்கணக்குல வெட்டிட்டாங்க. வழியில வெயில்ல மொட்டையா கிடந்துச்சே கரை, அதெல்லாம் நிழலா இருந்த இடம். பட்டையில சின்னக் காயம் இருந்தாலே பூஞ்சை உள்ள போயிடும். கயிறு உரசினா காயம்தான். அடுத்த ஊர்ல அதே கயித்த இன்னொரு மரத்துல கட்டினா நோயையும் நாமளே கொண்டு போன மாதிரி. ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்காக்காரங்க கொண்டு வந்த வெடிமருந்துப் பெட்டிப் பலகையிலதான் இது பிரான்சுக்கே வந்துச்சுனு சொல்றாங்க.

[21:35] செல்வி: இப்பதான் ஒரு பாட்டி சைக்கிள நிறுத்தி இவரத் திட்டிட்டுப் போச்சு. மரத்துக்கு ஒரு திட்டு, பாதைக்குக் குறுக்க கயிறு கட்டினதுக்கு ஒரு திட்டு. கயித்துல மோதி விழுந்திருக்கும்.

[21:36] மணி மாமா: மாப்ள, படகுல முளையும் சம்மட்டியும் குடுத்திருப்பாங்களே. பாதைக்கு இந்தப் பக்கம், கரை ஓரமா அடி. முளை தலையில வெள்ளைத் துணி ஒண்ணு கட்டு, இருட்டுல நடக்கிறவனுக்குத் தெரியட்டும்.

[21:38] கோபால் பெரியப்பா: நேரா அடிக்காத. தலை படகுக்கு எதிர்ப்பக்கம் சாயணும். அணியத்துக் கயிறு, அதான் முன் கயிறு, முன்னாடி சாய்ஞ்சு போகணும், பின் கயிறு பின்னாடி சாய்ஞ்சு போகணும். குறுக்கால நேரா கட்டினா படகு முன்ன பின்ன ஆடி முளையப் புடுங்கிடும்.

[21:58] செல்வி: ஆகஸ்டு மண்ணு, சிமெண்டு மாதிரி இருக்கு. அரை முளைதான் இறங்கிச்சு. அப்ப ஒரு படகு வேகமா போச்சு பாருங்க, முதல்ல தண்ணி எங்கள இழுத்துச்சு, அப்புறம் தள்ளுச்சு, முளை பல்லு மாதிரி கழண்டு வந்துடுச்சு. இப்ப நடுக் கால்வாய்ல குறுக்க நிக்கிறோம். பிள்ளைங்க கை தட்டுதுங்க.

[22:00] மணி மாமா: கட்டின படகத் தாண்டும்போது நடக்கிற வேகத்துக்குக் குறைக்கணும். அதுகூடத் தெரியாம வந்துடறானுங்க. மாலா, இத முதல்ல எழுதிக்கோ.

[22:01] பெரியம்மா: பிள்ளைங்களுக்கு மிதவைச் சட்டை போட்டிருக்கா

[22:03] குமார்: ரவி, ஊருக்குள்ள திரும்பு. வாடகைப் படகு இருட்டுல ஓடக் கூடாது, இன்னும் ஒரு மணி நேரம்தான் வெளிச்சம். என் பக்கத்துல ஒட்டிக் கட்டிக்கோ.

[22:19] குமார்: என் பக்கத்துல விட மாட்டேன்னுட்டான் அந்தப் பையன். பாலத்துக்கிட்ட கால்வாய் குறுகுது, போற வர்ற படகுக்கு வழி வேணுமாம். ரவி முன்னயும் பின்னயும் அலைஞ்சான். அப்ப அந்த ஜெர்மன் ஐயா எழுந்து, தன் படகோட வெளிப்பக்கம் படகு இடிக்காம இருக்க ரப்பர் பந்து நாலையும் தொங்க விட்டுட்டு, இங்க வானு கையக் காட்டினார்.

[22:20] மாலா சித்தி: நீ துரத்தி விட்டவரா

[22:20] குமார்: ஆமா சித்தி, அவரேதான்

[22:24] மணி மாமா: செல்வி, கவனமா கேளும்மா. அவங்க படகோட மட்டும் சேத்துக் கட்டி விட்டுடாதீங்க, உங்க பாரம் முழுக்க அவங்க கயித்துல தொங்கும். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, உங்க கயிறு தனியா கரை வரைக்கும் போகணும். கரைக்கு இறங்குறப்ப அவங்க படகோட முன்பக்கம் வழியா மட்டும் தாண்டணும். பின்பக்கம் அவங்க உக்காந்து சாப்பிடுற இடம், அது அவங்க வரவேற்பறை மாதிரி. செருப்பக் கழட்டிட்டுப் போங்க. எஞ்சின உடனே நிறுத்திடுங்க, பாட்டு வேண்டாம். காலைல எத்தனை மணிக்குக் கிளம்புறாங்கனு இப்பவே கேட்டு வச்சுக்கணும். வெளிய நிக்கிறது நீங்க, நீங்க நகர்ந்தாதான் அவங்க போக முடியும்.

[22:31] பெரியம்மா: அவங்களுக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா

[22:52] செல்வி: குடுத்தோம் பெரியம்மா. நீங்க குடுத்து விட்ட கோயாவியே (சின்னக் கொய்யா) ஜாம் ஒரு பாட்டில், மாங்கா அச்சார் கொஞ்சம். ஐயா அச்சார ஜாம்னு நினைச்சு ரொட்டியில தடவிட்டார். கண்ணுல தண்ணி. ஆனா தட்டக் காலி பண்ணிட்டார்.

[22:53] அனிதா: இவரும் எழுந்து வந்து அந்தம்மாகிட்ட பர்தோன்னு மன்னிப்புக் கேட்டார். அது நம்ம மடக்கு நாற்காலியக் காட்டி உக்காருன்னுச்சு.

[22:57] ரவி: நாளைக்கு அவங்க காலைல எட்டுக்குக் கிளம்புறாங்க. ஃபொன்செரான் படியில ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம்தான் விடுவாங்களாம், இறங்குற நேரத்தத் தவற விட்டா ரொம்ப நேரம் காத்துக் கிடக்கணுமாம். ஏழரைக்கு அலாரம் வச்சாச்சு.

[22:58] திவ்யா: 21 மீட்டருக்கு மேல இறக்கம், தொட்டி தொட்டியா. தயவுசெஞ்சு முடிச்சு போடாதீங்க அண்ணா

செவ்வாய்க்கிழமை

[09:58] குமார்: ரவி

[09:59] குமார்: ரவி எந்திரி, இங்க எட்டாகப் போகுது

[10:01] அனிதா: செல்வி போனும் அடிக்குது, எடுக்க மாட்டேங்குறா

[10:03] குமார்: ஐயா தொப்பி போட்டு, கயித்தக் கையில சுருட்டி வச்சுக்கிட்டு ரவி ஜன்னலையே பாத்துக்கிட்டு நிக்கிறார். தட்ட மாட்டேங்குறார். அந்தம்மா மெதுவா காப்பி குடிக்குது. எல்லாரும் அவனுக்குப் போன் போடுங்க.

[10:04] மணி மாமா: போட்டேன்

[10:04] கோபால் பெரியப்பா: நானும்

[10:05] மாலா சித்தி: மூணு தடவ

[10:07] குமார்: அவங்க படகுல கால் வைக்க எனக்குக் கூச்சமா இருக்கு. முன்பக்கம் வழியாதானே மாமா?

[10:07] மணி மாமா: முன்பக்கம். செருப்பு இல்லாம.

[10:11] செல்வி: எந்திரிச்சுட்டார். அலாரம் ரெயூனியன் நேரத்துல வச்சிருந்திருக்கார், அது இங்க அஞ்சரைக்கே அடிச்சுச்சு, அணைச்சுட்டுத் தூங்கிட்டார். இப்ப ஒரு கால் செருப்ப காணோம்னு தேடிக்கிட்டு இருக்கார்.

[10:12] பெரியம்மா: சாப்ட்டுட்டு கிளம்பச் சொல்லு