முத்தியால்பேட்டை வீடு: குவாகமோலே பஞ்சாயத்து

ஞாயிறு, காலை 9.40

அம்மா: 📷 படம்
அம்மா: நித்யா, நீ சொன்ன குவாகமோலே, அதுதான் அந்தப் பட்டர் ஃப்ரூட் துவையல். கரண்டியில் நிற்காமல் ஓடுகிறது. பெரியப்பா 12 மணிக்கு வந்துவிடுவார்.

கார்த்தி: அத்தை, எந்தச் சுவருக்கு அடிக்கப் போகிறீர்கள்?

லதா அத்தை: டேய், சும்மா இரு. அண்ணி, என்னவெல்லாம் போட்டீர்கள்?

அம்மா: பெரிய மார்க்கெட்டில் வாங்கிய பட்டர் ஃப்ரூட் இரண்டு. பாலக் ஒரு கட்டு, பச்சையாக. அன்னாசி நாலு வளையம். எல்லாம் மிக்சியில்.

நித்யா: ஒரு கட்டா! ஒரு கைப்பிடி என்றுதானே சொன்னேன்?

அம்மா: உடம்புக்கு நல்லது என்றும் நீதான் சொன்னாய். நல்லது கொஞ்சம் கூடினால் என்ன?

நித்யா: கூடினால் கீரைச் சாறு. பாலக்கில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான் அம்மா. அரைத்தால் அத்தனையும் வெளியே வரும். அன்னாசி வேறு கூட. நம் பக்கத்து மலைப் பழமும் ஹாஸ் ரகம் மாதிரி கெட்டி இல்லை. அளவில் பெரிது, கொழுப்பு குறைவு.

அப்பா: கொழுப்பா? எனக்கு வேண்டாம்.

நித்யா: பயப்படாதீர்கள் அப்பா. பெரும்பாலும் ஆலிவ் எண்ணெயில் இருக்கும் வகைதான். 100 கிராமுக்குச் சுமார் 160 கலோரி, 7 கிராம் போல நார்ச்சத்து. கீரையில் இருக்கும் கரோட்டின் உடம்பில் சேரவே கொஞ்சம் கொழுப்பு வேண்டும். அதனால்தான் இரண்டையும் சேர்க்கச் சொன்னேன். தொட்டுக்கொள்ள வைத்திருக்கும் சிப்ஸ்தான் எனக்குக் கவலை.

அப்பா: வீட்டில் சிப்ஸ் கிடையாது.

கார்த்தி: மாமா, மேல் அலமாரி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் 😄

அப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: எடுத்துவிட்டேன். அப்புறம் பேசிக்கொள்கிறேன் அவரிடம்.

அம்மா: 🎤 0:14 (பாட்டி பேசுகிறார்)
லதா அத்தை: ஆட்டோவில் இருக்கிறேன், கேட்கவில்லை. அம்மா என்ன சொல்கிறார்?
நித்யா: பாட்டி கேட்கிறார்: "துவையலை யாராவது இப்படி நைசாக அரைப்பார்களா? வீட்டில் கல் எதற்கு இருக்கிறது?"

கார்த்தி: பாட்டி சொல்வதுதான் சரி. மெக்சிகோவில் எரிமலைக் கல்லில் செய்த உரலில்தான் நசுக்குவார்கள், மோல்காஹெதே என்று பெயர். குவாகமோலே என்பதே அங்குள்ள பழங்குடி மொழியான நாவாட்லின் ஆவகாமோல்லிதான். ஆவகாட் பட்டர் ஃப்ரூட், மோல்லி துவையல் மாதிரி.

அம்மா: பாட்டி இடிகல்லைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். இனி யார் சொன்னாலும் நிற்காது.

நித்யா: நல்லதாகப் போயிற்று. வேறு பழம் இருக்கிறதா?

அம்மா: அரிசிக்குள் இரண்டு வைத்தேன். ஒன்று லேசாக அமுங்குகிறது.

நித்யா: காம்பின் நுனியைக் கிள்ளிப் பாருங்கள். அடியில் பச்சையாக இருந்தால் நறுக்கலாம். பழுப்பு என்றால் உள்ளே கறுத்திருக்கும்.

அம்மா: பச்சை. சொல்லு.

நித்யா: கொதிக்கிற தண்ணீரில் பாலக் அரை நிமிடம். உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றி, ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பிழியுங்கள். கைப்பிடிக் கீரை எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டுவிடும். அதைக் கத்தியால் பொடியாக நறுக்குங்கள், மிக்சி பக்கமே போகாதீர்கள். கல்லில் முதலில் பச்சை மிளகாய், உப்பு, கொத்தமல்லி, நாலு சின்ன வெங்காயம். அது நசுங்கின பிறகு பழம், ஒன்றிரண்டாக. கீரை, எலுமிச்சைச் சாறு. கடைசியில் மாதுளை முத்து இரண்டு ஸ்பூன், விதை நீக்கின கெட்டிக் கொய்யா துண்டு கொஞ்சம். இந்த இரண்டையும் நசுக்கக் கூடாது, சும்மா கலந்துவிட வேண்டும்.

லதா அத்தை: முருங்கைக்கீரை போட்டால் என்ன? எங்கள் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் மரம் ஒடிகிற அளவுக்கு இருக்கிறது.

நித்யா: வதக்கிப் போடலாம் அத்தை. ஆனால் கொஞ்சம்தான்.

லதா அத்தை: வேண்டாம் விடு, ஒரு தரம் பச்சையாகத் தயிரில் போட்டு வாயெல்லாம் கசந்தது நினைவு வருகிறது. பண்ருட்டி முந்திரி உடைசல் வறுத்துக் கொண்டுவருகிறேன், மேலே தூவ.

அப்பா: அப்படியானால் எதில் தொட்டுக்கொள்வது?

நித்யா: வெள்ளரிக்காய், கேரட். மற்றவர்களுக்கு பகெட் ரொட்டியை வட்டமாக நறுக்கித் தோசைக்கல்லில் மொறுமொறுப்பாகச் சுட்டு வையுங்கள். அப்பாவுக்கு இரண்டு துண்டு போதும், மாதுளையும் அளவோடு.

அம்மா: பெரியப்பாவுக்கு?

நித்யா: ஐயோ, மறந்தே போனேன். அவருக்குச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் கூடி, பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் இல்லையா? பட்டர் ஃப்ரூட்டிலும் பாலக்கிலும் அது நிறைய. 100 கிராம் பழத்திலேயே 480 மில்லிகிராம் போல. கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் கீரையில் கொஞ்சம் குறையும், பழத்தில் குறையாது. அவர் டாக்டரைக் கேட்காமல் ஒரு ஸ்பூன்கூட வைக்காதீர்கள்.

அம்மா: நல்லவேளை கேட்டேன். அவருக்கு வெள்ளரிக்காய்ப் பச்சடி தனியாகச் செய்துவிடுகிறேன்.

காலை 11.25

அம்மா: 📷 படம்
அம்மா: நிற்கிறது! கரண்டியைக் கவிழ்த்தும் விழவில்லை. நடுவில் கொட்டையை வைத்திருக்கிறேன், கறுக்காமல் இருக்க.

நித்யா: கொட்டைக்கு அடியில் இருக்கிற இடம் மட்டும்தான் கறுக்காது அம்மா. காற்றுப் பட்டால்தான் நிறம் மாறும். மேலே எலுமிச்சை பிழிந்து, பிளாஸ்டிக் தாளை அதன் மேலேயே ஒட்டினாற்போல் மூடுங்கள். இடையில் காற்று இருக்கக் கூடாது.

லதா அத்தை: அண்ணி, கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், நான் நட்டுவைக்கிறேன்.

கார்த்தி: விதையில் முளைத்த மரம் காய்க்கப் பல வருடம் ஆகும் அம்மா.

லதா அத்தை: உன்னையும்தான் 24 வருடமாக வளர்க்கிறேன்.

கார்த்தி: 😐

அம்மா: கார்த்தி, வந்ததும் உனக்கு ஒரு சொம்பு வைத்திருக்கிறேன். காலையில் மிக்சியில் அரைத்தது. எலுமிச்சை பிழிந்து ஃபிரிட்ஜில் இருக்கிறது.

கார்த்தி: அத்தை, நான் கடலூரிலேயே இறங்கிக்கொள்கிறேன்.

பிற்பகல் 1.50

அப்பா: கிண்ணம் காலி. இன்னும் இருக்கிறதா?

அம்மா: பக்கத்து அறையில் இருந்துகொண்டு எதற்கு மெசேஜ்? இல்லை. எழுந்து மாத்திரை போடுங்கள்.