க்ரைம் கதை எழுதுற எங்க வட்டத்துக்கு போலீஸ், வக்கீல், டாக்டரை கூப்பிடப் போறோம், என்ன கேக்கலாம்?

உறையூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியில நாங்க ஒரு சின்ன குரூப், க்ரைம் கதை, துப்பறியும் கதை எழுதுறவங்க மட்டும். மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கூடி ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிச்சு குறை சொல்லுவோம். பேங்க்ல வேலை பாக்குறவங்க, டீச்சர், காலேஜ் பசங்கன்னு கலந்து இருக்கோம், ஆனா ஸ்டேஷன் உள்ள, கோர்ட் உள்ள, மார்ச்சுவரி உள்ள உண்மையில என்ன நடக்குதுன்னு பக்கத்துல இருந்து பாத்தவங்க யாரும் இல்ல. அதனால இந்த வருஷம் அந்த வேலையில இருந்தவங்களையே கூப்பிட்டு பேச வைக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். ஒரு மெம்பரோட சொந்தக்காரர் ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர், வர்றேன்னு சொல்லிட்டார். ஒரு க்ரிமினல் வக்கீல், தடயவியல் மருத்துவம் படிச்ச ஒரு டாக்டர், இவங்களையும் கேக்கணும்.

என் கவலை என்னன்னா, கேள்வி எழுதிக் குடுங்கன்னு குரூப்ல சொன்னா பாதிப் பேர் "மாட்டிக்காம கொலை பண்றது எப்படி", "எந்த விஷம் கண்டுபிடிக்க முடியாது" இப்படியே எழுதுறாங்க. பெரியவர் ஒருத்தரை கூப்பிட்டு உக்கார வச்சு இதைக் கேக்க எனக்கு மனசு வரல, அதுல கதையும் கிடைக்காதுன்னு தோணுது. வேற என்ன கேக்கலாம்? இப்போ டூட்டியில இருக்குற ஆபீசர் வந்து பேசலாமா? அப்புறம் இந்த புது சட்டம், கொலைக்கு இனிமே 302ன்னு எழுதலாமா கூடாதா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஓய்வுபெற்ற எஸ்ஐ:

நல்ல முயற்சி தாயி. டூட்டியில இருக்குறவங்க வெளிய வந்து பேசணும்னா மேலதிகாரி அனுமதி வேணும், நடந்துட்டு இருக்குற கேஸைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. அதனால ரிட்டயர்டு ஆளா பாத்தது சரி. அவர்கிட்டயும் பேப்பர்ல வந்த கேஸோட உள்விவகாரம் கேக்காதீங்க, அவர் வேலையைக் கேளுங்க.

முதல் கேள்வி இதை வைங்க: "ஐயா, கொலைன்னு தகவல் வந்ததுல இருந்து முதல் ரெண்டு மூணு மணி நேரம் என்னென்ன செய்வீங்க, யார் யார் செய்வாங்க?" இதை ஒருத்தர் விவரமா சொன்னாலே உங்களுக்கு பத்து கதை. ஸ்டேஷன்ல ரைட்டர்னு ஒருத்தர் இருப்பார், கதை எழுதுற ரைட்டர் இல்ல, எழுத்து வேலை பூரா அவர் தலையில. எஃப்ஐஆர் போட்டதும் அது உடனே மாஜிஸ்ட்ரேட்டுக்கு போகணும், ஒரு கான்ஸ்டபிள் கையில எடுத்துட்டு பஸ்ஸோ பைக்கோ புடிச்சு ஓடுவார், அங்க எத்தனை மணிக்கு போய்ச் சேந்துச்சுன்னு மாஜிஸ்ட்ரேட் கையால அதுல எழுதுவார். எஃப்ஐஆர் ராத்திரி எட்டு மணிக்கு, கோர்ட்டுக்கு போனது மறுநாள் மத்தியானம்னா நடுவுல என்ன பண்ணீங்கன்னு வருஷம் கழிச்சு டிஃபென்ஸ் வக்கீல் புடிச்சுக்குவார். அந்த இடைவெளி ஒண்ணே ஒரு நாவலுக்குப் போதும்.

இன்ஸ்பெக்டர் சம்பவ இடத்துக்குப் போனா முதல்ல பார்வை மகசர், அதாவது அந்த இடத்துல பாத்ததை எழுதி வைக்கிறது, ஒரு ரஃப் ஸ்கெட்ச், அதுல சாட்சி கையெழுத்து. ஊர்ல யாரும் கையெழுத்து போட முன்வர மாட்டாங்க, கடைசியில விஏஓவும் அவர் உதவியாளரும் தான் போடுவாங்க. அடுத்தது இன்க்வெஸ்ட், அதாவது சாவு எப்படின்னு பாடியைப் பாத்து விசாரிச்சு எழுதுறது, அப்புறம் பாடியை பி.எம்.முக்கு (போஸ்ட்மார்ட்டம்) அனுப்பணும், கூட ஒரு கான்ஸ்டபிள் போகணும், சொந்தக்காரங்க அழுகை ஒரு பக்கம், ரோடு மறியல் ஒரு பக்கம். இதுக்கு நடுவுல பந்தோபஸ்து வரும். ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசிக்கு ஆள் அனுப்புன்னு மெமோ வந்தா கேஸை விசாரிச்சுட்டு இருக்குற டீம்ல பாதிப் பேர் அங்க கூட்டத்தைக் கட்டுப்படுத்த போயிடுவாங்க. எந்தக் கதையிலயும் இதை நான் படிச்சதில்ல, இதை நீங்க எழுதணும்னு உண்மையாவே ஆசைப்படறேன்.

இன்னொண்ணு, யார் விசாரிக்கிறாங்கன்னு சரியா எழுதுங்க. சாதாரணமா கொலைக்கு இன்ஸ்பெக்டர். வன்கொடுமை தடுப்புச் சட்டம் சேந்துட்டா டிஎஸ்பி அந்தஸ்துல உள்ளவர் தான் விசாரிக்கணும். கல்யாணம் ஆகி ஏழு வருஷத்துக்குள்ள பொண்ணு இறந்துட்டா ஆர்டிஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர், விசாரணை வரும்.

கோர்ட் வாசல்:

மதுரை பக்கம் க்ரிமினல் சைடு ப்ராக்டீஸ் பண்றேன். ஐயா சொன்னது அத்தனையும் சரி, சட்ட விஷயம் மட்டும் நான் சேக்குறேன் மேடம்.

2024 ஜூலை 1ல இருந்து புது சட்டங்கள் அமலுக்கு வந்துருச்சு. தண்டனைச் சட்டமான ஐபிசிக்கு பதிலா பிஎன்எஸ், குற்றவியல் நடைமுறைச் சட்டமான சிஆர்பிசிக்கு பதிலா பிஎன்எஸ்எஸ், சாட்சியச் சட்டத்துக்கு பதிலா பிஎஸ்ஏ. கொலை இப்போ பிஎன்எஸ் 103. ஆனா உங்க கதையில சம்பவம் எந்தத் தேதின்னு பாருங்க, அந்த ஜூலை 1க்கு முன்னாடி நடந்த கொலைன்னா இன்னைக்கு தீர்ப்பு வந்தாலும் 302 தான். பழைய 174, அதாவது சந்தேக மரணம்னு பதிவு பண்றது, இப்போ பிஎன்எஸ்எஸ் 194. ஸ்டேஷன்ல இருக்குறவங்களே பேச்சுல இன்னும் பழைய நம்பரை தான் சொல்றாங்க, அதனால டயலாக்ல ஒரு ஏட்டு "ஒன் செவன்ட்டி ஃபோர் போட்டாச்சுங்கய்யா"ன்னு சொன்னா தப்பே இல்ல, எஃப்ஐஆர் காகிதத்துல மட்டும் புது நம்பர் இருக்கட்டும்.

கதை எழுதுறவங்க வக்கீல்கிட்ட அவசியம் கேக்க வேண்டியது வாக்குமூலம் பத்தி. போலீஸ்கிட்ட "நான் தான் செஞ்சேன்"னு ஒத்துக்கிட்டா அது சாட்சியமே ஆகாது. கதையில கடைசி அத்தியாயத்துல இன்ஸ்பெக்டர் ரூம்ல குற்றவாளி எல்லாத்தையும் சொல்லி அழுது கதை முடியும், நிஜத்துல கேஸ் அங்க தான் ஆரம்பிக்குது. அவன் சொன்னதை வச்சு ஒரு கத்தியோ நகையோ கண்டெடுத்தா, அந்தப் பொருள் கிடைக்க காரணமா இருந்த அந்த ஒரு வாக்கியம் மட்டும் உள்ள வரும், மீதி வெளிய. பழைய சட்டத்துல 27, இப்போ பிஎஸ்ஏ 23ல அடங்கியிருக்கு. நம்ம ஊர் தீர்ப்புகள்ல இன்னொண்ணு அடிக்கடி பாக்கலாம், குற்றவாளி நேரா விஏஓகிட்ட போய் சரணடைஞ்சு ஒத்துக்கிட்டான்னு இருக்கும். முன்ன பின்ன தெரியாத விஏஓகிட்ட ஒருத்தன் ஏன் போய் சொல்லணும்னு கோர்ட்டுகள் பல தடவை சந்தேகப்பட்டு ஒதுக்கியிருக்கு. அந்த விஏஓவை கதாநாயகனா வச்சு யாராவது எழுதுங்க, நான் முதல் ஆளா படிக்கிறேன்.

சிசிடிவி, வாட்ஸ்ஆப் மெசேஜ் எல்லாம் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தா முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. பிஎஸ்ஏ 63ன்படி சர்டிபிகேட் வேணும், அதுல ஹேஷ் வேல்யூ, அதாவது ஃபைலை யாரும் மாத்தலன்னு காட்டுற கைரேகை மாதிரி ஒரு குறியீடு, எழுதணும். சோதனை போடும்போதும் கைப்பத்தும்போதும் வீடியோ எடுக்கணும்னு பிஎன்எஸ்எஸ் 105 சொல்லுது. உண்மை கண்டறியும் சோதனை, மருந்து குடுத்து பேச வைக்கிற நார்கோ இதெல்லாம் சம்மதம் இல்லாம பண்ண முடியாதுன்னு 2010ல உச்ச நீதிமன்றம் செல்வி வழக்குல சொல்லிருச்சு, அதையும் மனசுல வச்சுக்கங்க.

அப்புறம் ஒரு விருந்தினரும் இல்லாம, ஒரு ரூபா செலவும் இல்லாம ஒரு வழி இருக்கு. செஷன்ஸ் கோர்ட் விசாரணை பொது மக்கள் பாக்கலாம், பாலியல் குற்ற வழக்கு மாதிரி சிலது தான் மூடிய அறையில. குரூப்பா போகாம ரெண்டு மூணு பேரா ஒரு காலையில போய் பின் பெஞ்சுல உக்காருங்க, போனை ஆஃப் பண்ணிடுங்க. ஜட்ஜ் சுத்தியல் தட்ட மாட்டார், யாரும் கத்த மாட்டாங்க, சாட்சி சொல்றதை ஜட்ஜ் சொல்லச் சொல்ல ஸ்டெனோ டைப் அடிப்பார். போலீஸ்ல சொன்ன சாட்சி கூண்டுல ஏறி "எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு சொல்லுவார், உடனே அரசு வக்கீல் எழுந்து பிறழ் சாட்சியா அறிவிக்கச் சொல்லி கேப்பார். அந்த சாட்சி கூண்டுல இருந்து இறங்கும்போது யாரைப் பாக்குறார்னு கவனிங்க. அது எந்த ரெக்கார்டுலயும் வராது.

ஸ்கால்பெல்:

நான் தடயவியல் மருத்துவம் பாடம் எடுக்குறேன். எங்களை கூப்பிட்டா எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எத்தனை மணிக்கு செத்தார்னு எப்படி சொல்லுவீங்க". "சரியா 9.40க்கு"ன்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டார், ஒரு கால இடைவெளி தான் சொல்ல முடியும். உடம்பு குளிர்ற கணக்கெல்லாம் குளிர் நாட்டுல போட்டது, திருச்சியில சித்திரை வெயில்ல வெளிய 39, 40 டிகிரி இருக்கும்போது பிணம் எப்படி குளிரும்? விறைப்பு நம்ம ஊர் வெயில்ல சீக்கிரம் வந்து சீக்கிரமே விட்டுரும், அழுகலும் சீக்கிரம் ஆரம்பிச்சுடும். மாசம், இடம், மின்விசிறி ஓடுச்சா, ஏசி ரூமா, கிணறா, இதை முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் எங்ககிட்ட கேளுங்க.

நடுராத்திரி கொலை பாடிக்கு பி.எம். நடக்குற சீன் தயவுசெஞ்சு வேண்டாம். 2021 நவம்பர்ல மத்திய சுகாதார அமைச்சகம் சூரியன் மறைஞ்ச பிறகும் பி.எம். பண்ணலாம்னு அனுமதிச்சது, ஆனா கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், சந்தேக மரணம் இதுக்கெல்லாம் பகல் தான், சட்டம் ஒழுங்கு பிரச்சினை வந்தா மட்டும் விதிவிலக்கு. மறுநாள் காலை வரைக்கும் மார்ச்சுவரி வாசல்ல காத்திருக்குற குடும்பம், அங்க தான் உங்க கதை நிக்குது.

விஷம்னு சந்தேகம் வந்தா டாக்டர் அங்கயே பேர் சொல்ல மாட்டார். விசரா, அதாவது உள்ளுறுப்புகள்ல கொஞ்சம், எடுத்து பாட்டில்ல சீல் வச்சு ஃபாரன்சிக் லேபுக்கு போகும், ரிப்போர்ட் வர்ற வரைக்கும் சாவுக்கான காரணம் நிலுவையில தான் இருக்கும். அந்தக் காத்திருப்புல ஊர் பேசுற பேச்சை எழுதுங்க. கண்டுபிடிக்க முடியாத விஷம்னு கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன், என்னை மாதிரி யாரும் சொல்ல மாட்டாங்க.

பழைய கேஸ் வேணும்னா 1952 ஆளவந்தார் கொலை வழக்கைப் படிங்க. போட் மெயில் ரயில்ல ஒரு டிரங்குப் பெட்டியில தலையில்லாத உடம்பு மானாமதுரையில கிடைச்சது, தலை மெட்ராஸ் ராயபுரம் கடற்கரையில கிடைச்சது, ரெண்டும் ஒரே ஆளோடது தான்னு மருத்துவ ரீதியா நிறுவ வேண்டியிருந்துச்சு. அந்தக் காலத்துல டிஎன்ஏ கிடையாது. எங்க மாணவர்களுக்கு இன்னமும் அதைச் சொல்றோம்.

ஒரு வேண்டுகோள், டாக்டரை மட்டும் கூப்பிடாதீங்க, மார்ச்சுவரி உதவியாளர் ஒருத்தரையும் கூப்பிடுங்க. அவங்களை யாரும் கூப்பிட்டதே இல்ல. உடம்பைத் திரும்ப தைச்சு, கழுவி, வேட்டி சுத்தி குடும்பத்துகிட்ட குடுக்குறது அவங்க தான்.

உறையூர்க்காரி:

படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியல. எல்லாருக்கும் மனசார நன்றி. விஏஓவையும் மார்ச்சுவரி உதவியாளரையும் எங்க லிஸ்ட்ல சேத்துட்டேன். இன்னொரு கேள்வி, நிஜ கேஸை எடுத்து எழுதும்போது செத்தவங்க குடும்பத்தை எப்படி காப்பாத்துறது? எங்க குரூப்ல ஒரு பையன் பக்கத்து ஊர்ல நடந்ததை அப்படியே எழுதிட்டு வந்தான், எனக்கு பதறிடுச்சு.

கோயமுத்தூர் பேனா:

நாங்க இங்க இதே மாதிரி கூட்டம் நடத்திட்டு இருக்கோம்ங்க, அதனால சொல்றேன். பாலியல் குற்றத்துல பாதிக்கப்பட்டவங்க பேரை, அடையாளம் தெரியுற எந்த விவரத்தையும் வெளியிட்டா அதுவே குற்றம்ங்க, பழைய 228ஏ, இப்போ பிஎன்எஸ் 72. குழந்தைங்கன்னா போக்சோலயும் தடை இருக்கு. சட்டம் கட்டாயப்படுத்தாத கேஸ்லயும் ஊர், தொழில், சாதி, வீட்டு அமைப்பு எல்லாத்தையும் மாத்திடுங்க, பேரை மட்டும் மாத்துறது பத்தாதுங்க. அந்தப் பையனை கடிஞ்சுக்காதீங்க, மாவட்ட சட்டப் பணிகள் ஆணையக் குழுவுல இருக்குற வக்கீல் ஒருத்தரை கூப்பிட்டு பாதிக்கப்பட்டவங்க பக்கம் இருந்து பேசச் சொல்லுங்க. நாங்க அப்படி ஒரு கூட்டம் வச்ச பிறகு எங்க ஆளுங்க எழுத்தே மாறிடுச்சு, பிணம்னு எழுதுன இடத்துல எல்லாம் ஆள் வந்துட்டாங்க.

கூட்டத்தை நடத்துறதுக்கு எங்களுக்கு சரிப்பட்டு வந்த முறை இதுங்க. கேள்வியை ஒரு வாரம் முன்னாடியே அனுப்பிடுவோம், வர்றவங்களுக்கு எது சொல்லலாம் எது கூடாதுன்னு யோசிக்க நேரம் கிடைக்கும். பேச்சுக்கு முக்கால் மணி நேரம் போதும். அப்புறம் நாங்க எழுதுன ஒரு சீனை, ஒரே ஒரு பக்கம், பிரிண்ட் எடுத்து கையில குடுத்து "இதுல எது நடக்காதுன்னு சிவப்பு பேனால அடிங்க"ன்னு சொல்லிடுவோம். ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் ஒருத்தர் ஒரு பக்கத்துல பாதியை அடிச்சுட்டு, ஓரத்துல ஒரே ஒரு வரி எழுதினாருங்க: "இந்த நேரத்துல எனக்கு பசிக்கும்." அதை விட நல்ல பாடம் எந்த புக்லயும் கிடைக்கலைங்க. ரெக்கார்ட் பண்ணலாமான்னு முதல்லயே கேட்டுக்கங்க, வேண்டாம்னா போனை பைக்குள்ள போட்டுடுங்க. காசு யாரும் கேக்க மாட்டாங்க, ஒரு துண்டு, ஒரு புக், போக வர வண்டி ஏற்பாடு, அது போதும்.

ஸ்கால்பெல்:

உதவியாளரை கூப்பிடுறதுன்னா ஆஸ்பத்திரிக்கு லெட்டர் போடணும், டீன் பேருக்கு எழுதி நகல் தடயவியல் மருத்துவத் துறைத் தலைவருக்கு குடுங்க. "எழுத்தாளர் வட்டம், படம் எடுக்க மாட்டோம், எந்த கேஸ் விவரமும் கேக்க மாட்டோம்"னு லெட்டர்லயே தெளிவா போடுங்க. அனுமதி வர கொஞ்சம் நாளாகும், அதனால அவங்களை கடைசி கூட்டத்துக்கு வச்சுட்டு இன்ஸ்பெக்டர் ஐயாவை முதல்ல பேச விடுங்க.