58ல் விடுவதா, இன்னும் ரெண்டு வருஷம் இழுப்பதா?

தாம்பரம்_லோக்கல்:
அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில ஸ்டோர்ஸ் பொறுப்பு. வர்ற மார்ச்ல 58 முடியுது. கன்சல்டன்ட்டா ரெண்டு வருஷம் இருங்கன்னு முதலாளி கேக்கறார், முக்கால் சம்பளம். பொண்ணு கல்யாணம் ஆச்சு, வீட்டுக் கடனும் முடிஞ்சது. ஆனா வேலையை விட்டுட்டு வீட்ல இருக்க நான் தயாரா இல்லையான்னு எதை வெச்சு முடிவு பண்றது? ரிட்டயர் ஆனவங்க சொல்லுங்க.

கணக்குப்புலி:
சார், காசு சரியா இருந்தா மனசு தானா சரியாகும். பி.எஃப். பென்ஷனை நம்பாதீங்க. பென்ஷன் கணக்குக்கு எடுத்துக்கற 15,000 சம்பள வரம்புல 33 வருஷம் சர்வீஸ் போட்டவருக்கே மாசம் 7,500ஐத் தாண்டாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல 30 லட்சம் போட்டா, 8.2% வட்டிக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை 61,500 வரும். ரிட்டயர் ஆனவங்க 55 வயசுக்கு மேலேயே சேரலாம், பணம் கைக்கு வந்து மூணு மாசத்துக்குள்ள போடணும். இதெல்லாம் சேர்த்தும் வீட்டுச் செலவுக்கு இடிச்சா எக்ஸ்டென்ஷன். இடிக்கலைன்னாலும் எக்ஸ்டென்ஷன்தான். முக்கால் சம்பளத்தை யாராவது வேண்டாம்பாங்களா? பொழுதும் போகும்.

மாடிவீட்டு மாமி:
நீங்க சொல்ற பொழுது எங்க தலைமேலதாம்பா போகுது. எங்காத்து மாமா பேங்க்ல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆகி வந்தார். வந்த ரெண்டாவது வாரம் சமையல்கட்டு அலமாரியைச் சீர்திருத்தறேன்னு உக்காந்தார். டப்பாக்கெல்லாம் லேபிள் ஒட்டி அகர வரிசையில அடுக்கி வெச்சுட்டார். வாணலியில எண்ணெய் புகையறது, நான் கடுகைத் தேடறேன். 'க' வரிசையில இல்லை. கேட்டா, "மசாலா வகையறான்னு மேல் தட்டுல தனியா வெச்சிருக்கேன்" என்கிறார்! பதினோரு மணிக்கு எதிர்வீட்டுக்காரி வந்து அரைமணி பேசிட்டுப் போவா. இவர் ஹால்ல பனியனோட பேப்பர் படிக்கறதைப் பார்த்து அவளும் வர்றதில்லை. நீங்க தயாரான்னு கேக்கறேளே, உங்காத்துல அவங்க தயாரான்னு கேட்டேளா?

கணக்குப்புலி:
மாமி, இது உங்க வீட்டு சமாச்சாரம். ரிட்டயர்மென்ட்டுக்கும் கடுகு டப்பாவுக்கும் என்ன சம்பந்தம்?

மாடிவீட்டு மாமி:
காலைல எட்டு மணிக்குக் கிளம்பிப் போற மனுஷர் கிளம்பாம இருக்கறதுக்குப் பேர்தான் ரிட்டயர்மென்ட். வேற என்னன்னு நினைச்சேள்?

பழைய_கவர்மென்ட்:
மாமி சொல்றதுதான் விஷயம். நான் மாநில அரசு வேலையில இருந்தேன். 2020 மே மாசம் 58ஐ 59 ஆக்கினாங்க, 2021 பிப்ரவரியில 60. எங்க செக்‌ஷன்ல பாதிப் பேருக்குக் கொண்டாட்டம், பாதிப் பேர் மூஞ்சி தொங்கிப் போச்சு. வயசு ஒண்ணுதான், தயாரா இருக்கறதுல அவ்வளவு வித்தியாசம்.

தாம்பரம் சாருக்கு ஒரு யோசனை. கையில லீவு இருந்தா ஒரு மாசம் சேர்த்துப் போட்டு, ரிட்டயர் ஆன மாதிரியே இருந்து பாருங்க. மார்கழியில போடாதீங்க. கச்சேரி, சபா கேன்டீன்னு யாருக்கும் பொழுது போயிடும். ஜூன்ல போடுங்க. கத்திரி முடிஞ்சும் வெயில் இறங்காது, வெளியூர் போக மனசு வராது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு என்ன பண்றீங்கன்னு கவனிங்க. காலைல பார்க்ல நடக்கறதை எல்லாரும் சொல்லுவாங்க. அந்த மூணு மணிதான் பரீட்சை.

வேலைப்பித்தன்:
லீவு போட்டுப் பார்க்கறதெல்லாம் வேலைக்காகாது. முடிவு தெரிஞ்ச லீவு இனிக்கத்தான் செய்யும். அதோட இவர் ஸ்டோர்ஸ் பொறுப்பு. லீவுல இருந்தாலும் "சார், அந்த பேரிங் எந்த ரேக்ல?"ன்னு போன் வரும். ரிட்டயர் ஆனா அந்த போன் நின்னுடும். அதை எப்படி ஒத்திகை பார்ப்பீங்க? வேலை பிடிச்சவர் தொடரட்டும், அதுல என்ன தப்பு? எங்க அப்பார்ட்மென்ட் வாட்ச்மேனுக்கு எழுபதுக்குக் கிட்ட. அவர்கிட்ட யாரும் தயாரான்னு கேக்கலை.

பழைய_கவர்மென்ட்:
வாட்ச்மேன் விஷயத்துல பதில் சொல்ல முடியாது, ஒத்துக்கறேன். ஆனா போன் வராத மாதிரி ஒத்திகை பார்க்கலாமே. சாவியையும் ரெஜிஸ்டரையும் ஜூனியர்கிட்ட கொடுத்துட்டு லீவு போடட்டும். கொடுக்கவே கை வரலைன்னா, அங்கேயே பதில் கிடைச்சாச்சு.

மாடிவீட்டு மாமி:
இன்னொண்ணு. உங்க ஃபிளாட் எத்தனாவது மாடி? எங்களுது மூணாவது, லிஃப்ட் கிடையாது. வாங்கறச்சே காத்து வரும்னு வாங்கினோம். இப்போ தேங்காய் மறந்துட்டா அன்னிக்குத் துவையல் கிடையாது. 60 ஆனா மாநகர பஸ்ல மாசம் 10 டோக்கன் இலவசம்தான், கீழே இறங்கினாத்தானே பஸ் ஏற!

தாம்பரம்_லோக்கல்:
முதல் மாடி மாமி, தப்பிச்சேன். நேத்து வீட்ல கேட்டேன். "பகல் பன்னெண்டு வரைக்கும் நீங்க வெளியில இருக்கறதா இருந்தா எப்ப வேணா ரிட்டயர் ஆகுங்க"ன்னா. அதனால முதலாளிகிட்ட முழுநாள் இல்லாம அரைநாள் எக்ஸ்டென்ஷன் கேக்கலாமான்னு ஓடுது. எப்படியும் லீவு போட்டுப் பார்த்துடறேன். ஜூன்ல 30 நாள், சாவி ஜூனியர்கிட்ட.

வேலைப்பித்தன்:
அரைநாள்னு சொல்லி முழுநாள் வேலை வாங்குவாங்க. எழுதி வாங்கிக்குங்க.

கணக்குப்புலி:
30 நாள் லீவா? சார், ரிட்டயர் ஆகறப்போ அதைக் காசாக்கினா 25 லட்சம் வரைக்கும் வரி கிடையாதுன்னு 2023லயே மாத்திட்டாங்க. போடறதுக்கு முன்னாடி ஒருநாள் சம்பளத்தை முப்பதால பெருக்கிப் பாத்துடுங்க.