கலைச்சொல் வேண்டும்: ‘ஹீட்டர் கோர்’ (வெள்ளிக்கிழமைக்குள்)

மா. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

பழைய கார்களுக்கான பழுதறி கையேடு ஒன்று தமிழில் வருகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘காருக்குள் சூடு போதவில்லை’ என்ற அத்தியாயத்தில் ‘ஹீட்டர் கோர்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வரைவில் ‘சூடேற்றிக் கரு’ என்று போட்டிருந்தோம். ‘கரு அடைத்துக்கொண்டால் கருவைக் கழுவவும்’ என்ற வரியைப் பார்த்த மெய்ப்புத் திருத்துநர், இது மகப்பேறு நூலா என்று கேட்கிறார்.

கூடவே கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம்), தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப அந்த நீர்மத்துக்கு வழி திறக்கும் வால்வு), ஏர் லாக் (நீர்ச்சுற்றில் சிக்கிக்கொள்ளும் காற்று), பிளெண்ட் டோர் (சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் உள்தடுப்பு) ஆகியவற்றுக்கும் சொல் தேவை. ஆனால் முதலில் கோர்.

– மா.

செ. எழுதியது:

> சூடேற்றிக் கரு

கருவைவிடச் ‘சூடேற்றி’தான் உறுத்துகிறது. அந்த உறுப்பு எதையும் சூடேற்றப் பிறந்ததல்ல. டாஷ்போர்டுக்குள் உட்கார்ந்திருக்கும் குட்டி ரேடியேட்டர், அவ்வளவுதான். எஞ்சினைச் சுற்றிவந்த சுடுநீர் ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் போய் இன்னொன்றின் வழியாகத் திரும்புகிறது. மெல்லிய குழாய்களுக்கும் தகடுகளுக்கும் ஊடே விசிறி காற்றைத் தள்ளுகிறது. ‘சூடேற்றி’ என்று படிப்பவர் இஸ்திரிப்பெட்டியில் இருப்பதுபோல் மின்சுருள் ஒன்றைத் தேடி, ஃபியூஸைக் கழற்றிக்கொண்டிருப்பார். பெயர் தவறினால் பழுது தேடும் வழியே தவறும்.

எந்தச் சொல் வந்தாலும் பின்வரும் வரிகளில் உட்கார வேண்டும். அத்தியாயத்தின் முதுகெலும்பே இதுதான்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். பக்கத்துப் பிளாஸ்டிக் தொட்டி நிறைந்திருப்பதை நம்ப வேண்டாம். மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் தொட்டி நிறைந்தும் ரேடியேட்டர் குறைந்தும் இருக்கும். சூடான எஞ்சினில் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே ஏறத்தாழ 1 பார் அழுத்தம், திறந்த நொடியில் கொதித்துப் பீறிடும். பல கார்களில் கோர் சுற்றின் உயரமான இடத்தில் இருப்பதால், நீர் குறைந்தால் முதலில் வறள்வது அதுதான்.

மட்டம் சரியென்றால் எஞ்சினை ஓடவிட்டு, டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் வழக்கமான இடத்துக்கு வந்ததும் சூட்டுக் குமிழை முழுக்கத் திருப்பி, எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவருக்குள் நுழையும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள் (விசிறி, பெல்ட் பக்கம் கை போகாமல்). இரண்டும் சுட்டால் நீர் ஓடுகிறது. குறை காற்றின் பக்கம். ஒன்று சுட்டு மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் கோர் அடைப்பு. இரண்டும் குளிர்ந்திருந்தால் நீர் வரவேயில்லை: ஹீட்டர் வால்வு மூடிக்கிடக்கிறது, அல்லது காற்று சிக்கியிருக்கிறது, அல்லது பம்ப். முள்ளே ஏறவில்லை என்றால் கோரை விட்டுவிட்டு தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள்.

– செ.

கு. எழுதியது:

தமிழில் சொல் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. நக்கீரரின் சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் வாடைக்கு அஞ்சியவர்கள் தொகுவாய்க் கன்னலின் (குறுகிய வாயுள்ள நீர்க்கலத்தின்) தண்ணீரைக் குடிக்கவில்லை. ‘பகுவாய்த் தடவில் செந்நெருப்பு ஆர’ (அகன்ற வாயுள்ள தடவில் செந்நெருப்பின் சூட்டை நுகர) இருந்தார்கள். தடவு என்பது இந்தளம், நெருப்புச் சட்டி. மூடிய இடத்தில் இருப்பவருக்குச் சூடு தரும் கலம். காருக்குள் நடப்பதும் அதுவே. ஆகவே தடவு. மூன்றே எழுத்து.

– கு.

ந. எழுதியது:

> ஆகவே தடவு. மூன்றே எழுத்து.

ஐயா, ‘தடவு சூடாக இருக்கிறதா பார்’ என்று கையேட்டில் இருந்தால் பட்டறையில் கிரீஸ் டப்பாவை எடுப்பார்கள். தொல்காப்பிய உரியியலிலேயே ‘தடவும் கயவும் நளியும் பெருமை’ என்று அந்தச் சொல் பெருமைக்குப் போய்விட்டது. டாஷ்போர்டுக்குள் அடங்கும் பெட்டிக்குப் பெருமை எங்கிருந்து வரும்?

என் வாக்கு ‘ஹீட்டர் கோர்’ என்றே எழுதுவதற்கு. உதிரிபாகப் பெட்டியின் மேல் அச்சாகியிருக்கும் சொல் அதுதான். வாங்கப் போகிறவருக்கு அதுதான் வேண்டும்.

– ந.

கு. எழுதியது:

உரிச்சொல் வேறு, பெயர்ச்சொல் வேறு. இதைக் குழப்பினால் ‘நளி’யை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? மேலும் பகுவாய், தொகுவாய் என்ற இணையைக் கவனியுங்கள். நன்றாக ஓடும் கோர் பகுவாய். உப்புப் படிந்து அடைத்த கோர் தொகுவாய். பழுதின் பெயர்கூடப் பாட்டிலேயே இருக்கிறது.

– கு.

செ. எழுதியது:

அடைப்பு வாயில் வருவதில்லை, ஐயா. குழாய்களின் நடுவில் வருகிறது. துரு, கடின நீரின் உப்பு, வேறு வேறு வகைக் கூலண்ட்டுகளைக் கலந்ததால் திரண்ட கசடு, ஒழுக்கை அடைக்க ஊற்றிய தூள். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய வில்லன்: ரேடியேட்டர் ஒழுக்கை நிறுத்துகிறதோ இல்லையோ, இந்த மெல்லிய குழாய்களை முதலில் நிறுத்தும்.

கையால் தொட்டது ஐயமாக இருந்தால் அகச்சிவப்பு வெப்பமானி போதும். விசிறி முழு வேகத்தில் ஓடும்போது இரு ஹோஸ்களுக்கும் இடையே 10 முதல் 15 டிகிரி வித்தியாசம் இயல்பு. 25-ஐத் தாண்டினால் அடைப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். கழுவும்போது இரு ஹோஸ்களையும் கழற்றி, நீர் வழக்கமாக *வெளியேறும்* வாய் வழியாக உள்ளே விட வேண்டும். எதிர்த்திசையில் தள்ளினால்தான் கசடு வந்த வழியே போகும். அழுத்தம் மெல்லியதாக இருக்கட்டும். குழாயை முழுக்கத் திறந்துவிட்டால் பழைய பற்றவைப்பு விட்டுப்போய், அடைத்த கோர் ஒழுகும் கோராக மாறும். ஒழுகினால் அடையாளம் தெளிவு: காருக்குள் இனிப்பு வாடை, கண்ணாடியில் துடைக்கத் துடைக்கப் பிசுபிசுக்கும் மூட்டம், முன்இருக்கைப் பக்கம் ஈரக் கம்பளம்.

– செ.

இ. எழுதியது:

கணப்பு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லையே? குளிர்காயும் தீ, கணப்புச் சட்டி எல்லாருக்கும் தெரியும். ‘உடம்பு கணகணவென்று இருக்கிறது’ என்கிறோம். கணகண, கணைச்சூடு, கணப்பு எல்லாம் ஒரே வேர். கனல், கனலி, கனற்சி ஆகியவையும் இதே குடும்பம்தான். கன்னலையும் இங்கே சேர்க்க இடமுண்டு.

– இ.

கு. எழுதியது:

கன்னல் குளிர்ந்த நீர் இருந்த கலம். அதைக் கனலோடு சேர்த்தால் நக்கீரர் எழுந்து வருவார். ணகரமும் னகரமும் நினைத்தபடி இடம் மாறுவதில்லை. மாறினால் மணமும் மனமும் ஒன்றாகிவிடும்.

– கு.

இ. எழுதியது:

கன்னலை விட்டுவிடுகிறேன். கணப்பை விடமாட்டேன்.

இன்னொன்று. தமிழில் சூடுபடுத்திக்கொள்வதைக் ‘குளிர்காய்தல்’ என்கிறோம். அடுத்தவர் வீட்டுத் தீயில் குளிர்காய்வதும் உண்டு. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீணாகச் சுடுநீரில் போகிறது. அதில் குளிர்காய்வதுதான் இந்த உறுப்பின் பிழைப்பு. ‘குளிர்காய்வி’ என்றும் சொல்லிப் பார்த்தேன். வாய்க்குள் நுழையவில்லை.

– இ.

ந. எழுதியது:

கணப்பில் தீ இருக்கிறது. கோரில் தீ இல்லை. செ. ‘சூடேற்றி’யைத் தள்ளிய அதே காரணம் இதற்கும் பொருந்துமே?

– ந.

செ. எழுதியது:

பொருந்தும், ஆனால் அவ்வளவு வலுவாக இல்லை. ‘கணப்பு’ என்று படித்து யாரும் மின்சுருளைத் தேட மாட்டார்கள். எனக்கு வேண்டியது அது நீர் ஓடும் உறுப்பு, குழாயும் தகடுமாகப் பின்னியது என்பதைக் காட்டும் ஒரு சொல். கூடு எப்படி? தேன்கூட்டைப் போல அறை அறையாக இருக்கும். கணப்புக் கூடு.

‘வெப்பப் பரிமாற்றி’ என்று யாரேனும் எழுதும் முன்: பொதுப்பெயராகச் சரி. ஆனால் ரேடியேட்டரும் வெப்பப் பரிமாற்றி, ஆயில் கூலரும் வெப்பப் பரிமாற்றி. பழைய வோக்ஸ்வாகன் பீட்டிலில் வேறு விதம்: எஞ்சின் காற்றால் குளிர்வது, புகைக்குழாயைச் சுற்றிய உறைதான் சூடு தருகிறது. அங்கே சூடு குறைந்தால் நீர்மட்டம் பார்க்க ஒன்றுமில்லை. உறையும் குழாயும் ஓட்டையா என்று பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரும். மணமற்றது, ஆளைக் கொல்லக்கூடியது. கையேட்டில் தனிக் கட்டம் போடுங்கள்.

– செ.

மா. எழுதியது:

கட்டம் போட்டாயிற்று. ‘கணப்புக் கூடு’ வரிகளில் உட்காருகிறது: ‘கணப்புக் கூட்டின் வெளிவாய் வழியாக நீர் விடவும்’. மற்ற நான்கையும் இன்றே முடித்துவிடலாமா?

– மா.

இ. எழுதியது:

ஏர் லாக்: காற்றடைப்பு. ‘காற்றுப் பூட்டு’ வேண்டாம். சாவி எங்கே என்பார்கள்.

கூலண்ட்: ‘குளிர்வி’ என்று எழுதினால் ‘குளிர்வி நன்கு சூடாகும்வரை காத்திருக்கவும்’ என்று வரும்.

– இ.

கு. எழுதியது:

குளிர்வி ஏவல் வினைபோல் நிற்கிறது. மண்வெட்டி, நகவெட்டி, கடத்தி என இகர விகுதியில் கருவிப்பெயர் அமைவது உண்மை. ஆனால் கூலண்ட் கருவி அல்ல, நீர்மம். ‘குளிர்நீர்மம்’ எனலாம்.

– கு.

செ. எழுதியது:

கேனில் ‘கூலண்ட்’ என்று இருக்கிறது, அதையே எழுதுங்கள். எத்திலீன் கிளைக்காலும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்தால் ஏறத்தாழ −37 டிகிரி வரை உறையாது. வெறும் நீரைக் ‘குளிர்நீர்மம்’ என்று எண்ணி ஊற்றினால் உறைபனியில் எஞ்சினே வெடிக்கும். நச்சு என்பதையும் சேருங்கள். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கும்.

காற்றடைப்பு நல்ல சொல். எடுக்கும் முறை: ஆறிய எஞ்சின், காரின் மூக்கு மேட்டில், மூடி திறந்தபடி, சூட்டுக் குமிழ் முழுதும். எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிசைந்து பிசைந்து விடுங்கள், குமிழி நிற்கும்வரை நிரப்புங்கள். காற்று நீக்கும் திருகு இருந்தால் அதைத் திறப்பது மேல். எடுத்தும் மறுபடி மறுபடி காற்று சேர்ந்தால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகட்டை) சந்தேகியுங்கள்.

தெர்மோஸ்டாட்டுக்கு ‘வெப்பநிலைக் காப்பி’ என்று எங்கோ பார்த்தேன். குடிக்கிற காப்பி நினைவுக்கு வருகிறது. சொல் எதுவானாலும் சோதனை ஒன்றே: குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய சில நிமிடத்திலேயே மேல் ஹோஸ் வெதுவெதுப்பானால் அது திறந்தபடியே மாட்டியிருக்கிறது. கழற்றி, வெப்பமானியோடு நீரில் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். அதன்மேல் பொறித்த அளவில், பெரும்பாலும் 82 முதல் 92 டிகிரிக்குள், திறக்கத் தொடங்க வேண்டும். ஆறிய நீரிலேயே இடைவெளி தெரிந்தால் தூக்கிப்போடுங்கள்.

– செ.

ந. எழுதியது:

பிளெண்ட் டோருக்குக் ‘கலப்பு மடல்’. கதவு என்றால் கார்க் கதவைத் திறப்பார்கள்.

– ந.

மா. எழுதியது:

இறுதிப் பட்டியல்: கணப்புக் கூடு (முதல் முறை வரும்போது மட்டும் ‘ஹீட்டர் கோர்’ உடன் வரும்), காற்றடைப்பு, கலப்பு மடல். கூலண்ட்டும் தெர்மோஸ்டாட்டும் அப்படியே. செ., இ., நான் ஆதரவு, ந. ‘சரி, போகட்டும்’ என்று தனிமடலில், கு. எதிர்ப்பு.

– மா.

கு. எழுதியது:

எதிர்ப்பு பதிவாகட்டும். இரண்டாம் பதிப்பில் ‘தடவு’ அடிக்குறிப்பாகவாவது வர வேண்டும். மடல் என்றால் கடிதம் என்று எவரும் இதுவரை சொல்லாதது வியப்பே.

– கு.

செ. எழுதியது:

மடல் பற்றி ஒரே திருத்தம். ‘குமிழைக் குளிரிலிருந்து சூட்டுக்குத் திருப்பும்போது மடல் தட்டும் ஒலி கேட்க வேண்டும்’ என்ற வரியில் ‘கம்பி இழுக்கும் வகையில்’ என்று சேருங்கள். மின்மோட்டார் வகையில் தட்டும் ஒலி கேட்காது; அங்கே ஓயாமல் டிக் டிக் என்றால் பல்சக்கரம் உடைந்திருக்கிறது.

– செ.