4×5 கேமராவுக்கு நீள லென்ஸ்: ஆம்ஃபிதியேட்டருக்கு 300ஆ, 400ஆ, 450ஆ?

மூன்றுகால் (டர்பன்):
வணக்கம். என்னிடம் இருப்பது மடக்கு 4×5 கேமரா (4×5 அங்குலத் தாள் ஃபிலிம் போடுவது), 150 மி.மீ. லென்ஸ் ஒன்று. பெல்லோஸை (நடுவில் இருக்கும் மடிப்புத் துருத்தியை) முழுக்க இழுத்தால் லென்ஸ் மாட்டும் பலகையிலிருந்து, பின்னால் படம் பார்க்கும் கிரவுண்ட் கிளாஸ் வரை 320 மி.மீ. தென்னாப்பிரிக்காவின் ராயல் நேட்டல் பூங்காவில் சுவருக்கு ஏறக்குறைய 6 கி.மீ. தள்ளி நின்றால், டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடரின் ஆம்ஃபிதியேட்டர் என்ற அந்தப் பெரிய பாறைச்சுவர் ஃபிலிமின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. ஃபுஜினான் சி 450, ஃபுஜினான் டி 400 இரண்டில் எது நல்லது? முன்னால் இருக்கும் புல்லும் கூர்மையாக வேண்டும்.

கறுப்புத்துணி:
450ஐ மறந்துவிடுங்கள். சாதாரண லென்ஸுக்குத் தொலைதூர ஃபோகஸிலேயே கிட்டத்தட்ட குவியதூரம் அளவுக்கு பெல்லோஸ் வேண்டும். சி 450க்கு ஏறத்தாழ 425 மி.மீ.; 10 செ.மீ. குறைகிறது. டி 400 டெலிஃபோட்டோ, அதாவது குவியதூரத்தைவிடக் குறைந்த பெல்லோஸ் போதும்படி செய்த லென்ஸ் என்பதால் 253 மி.மீ. போதும், உங்கள் கேமராவில் வேலை செய்யும். ஆனாலும் நான் 300தான் சொல்வேன்.

கணக்கைப் பாருங்கள். சுவர் உயரம் ஏறத்தாழ 1200 மீ. 6 கி.மீ. தூரத்தில் 150 லென்ஸில் 30 மி.மீ., 300இல் 60, 400இல் 80. ஃபிலிமின் உயரமே 95 மி.மீ.தான். 400இல் வானத்துக்கும் புல்லுக்கும் இடமே இல்லை. அகலத்தில் 300க்கு 2.4 கி.மீ. அடங்கும், 5 கி.மீ. நீளச் சுவரில் பாதி. கிட்டத்தட்ட முழுச் சுவரும் வேண்டுமென்றால் 150தான், இல்லாவிட்டால் பின்னால் தள்ளி நிற்க வேண்டும்.

புல்லுக்கு டில்ட் (லென்ஸை முன்னால் சாய்ப்பது) போடாதீர்கள். தரையில் படுக்கும் ஃபோகஸ் தளம் 1200 மீ. சுவரின் உச்சியைத் தொடாது. அதற்குப் பதில் முன் ஸ்டாண்டர்டை (லென்ஸைத் தாங்கும் சட்டத்தை) 26 மி.மீ. தூக்குங்கள்; சட்டகம் மேலே நகர்ந்து, காலடிப் புல் படத்திலிருந்து விலகும். சமதரையில், கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், படத்தில் விழும் முதல் புல்லே 20 மீ. தள்ளித்தான் இருக்கும். லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 32இல் 28 மீட்டருக்கு ஃபோகஸ் செய்தால் 14 மீ. முதல் மலை வரை கூர்மை. தரை உங்களை நோக்கி மேடாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும்.

கடலோரம்:
அண்ணா சொன்னதோடு ஒன்று. டெலிஃபோட்டோவில் டில்ட் போட்டால் படம் மொத்தமும் கண்ணாடியில் நழுவும்; திரும்பத் திரும்பச் சட்டகம் வைக்க வேண்டும். டி 400இன் படவட்டம் (லென்ஸ் ஒளி விழும் வட்டம்) 220 மி.மீ.தான், தூக்குவதற்கு 300ஐவிட இடம் குறைவு. 300 மி.மீ. லென்ஸ்களில் அந்தக் கவலை இல்லை.

உண்மையான எதிரி காற்று. நீட்டிய பெல்லோஸ் பாய்மரம் மாதிரி. வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 32 என்றால் 1/25 நொடி. தூரத்து மங்கலை வெட்ட ஆரஞ்சு ஃபில்டர் போட்டு அது இரண்டு ஸ்டாப் (ஒளியில் நாலில் மூன்று பங்கு) தின்றால் 1/6 நொடி. புல் ஆட அது போதும். 400 ஃபிலிம் போட்டால் மறுபடி 1/25க்கு வரலாம். காற்று வரும் பக்கம் குடை பிடியுங்கள். ஃபிலிம் ஹோல்டர் செருகும்போது முன் ஸ்டாண்டர்டு அசையும், அதனால் திருகுகளை இறுக்கிய பிறகு லூப் (உருப்பெருக்கி) வைத்து இன்னொரு முறை பாருங்கள்.

மூன்றுகால்:
சரி, 300. நிக்கோர் எம்மா, ஃபுஜினான் சியா?

கறுப்புத்துணி:
இரண்டுக்கும் கோப்பால் 1 என்ற அளவு ஷட்டர், இரண்டுக்கும் 52 மி.மீ. ஃபில்டர். ஃபுஜினானுக்கு 282 மி.மீ. பெல்லோஸ், நிக்கோருக்கு 290 ஒட்டி. ஆகவே உங்களுக்கு ஃபுஜினான் கொஞ்சம் வசதி, கிட்டத்தில் மூன்று மீட்டருக்குள் வரலாம். பெல்லோஸின் கடைசி சென்டிமீட்டரை நம்பாதீர்கள், அங்கே ஸ்டாண்டர்டு ஆடும். பழசுதான் கிடைக்கும் என்பதால் ஷட்டரை ஒரு நொடியில் வைத்து ஐந்தாறு முறை அடித்துக் கேளுங்கள். இழுத்தாலோ நின்றாலோ சுத்தம் செய்யும் செலவையும் விலையில் கழியுங்கள். டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்த்துக் காட்டினால் விளிம்பில் பூஞ்சை தெரியும். டர்பன் ஈரத்தில் இது சாதாரணம்.

கடலோரம்:
குளிர்காலத்தில் தீத்தடுப்புப் புல் எரிக்கும் புகை இருந்தால் ஆரஞ்சு ஃபில்டர் உதவாது. அது நீல மங்கலை மட்டும்தான் வெட்டும். மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் போங்கள், சுவரில் வெளிச்சம் விழுவதும் அப்போதுதான்.