நாலு கால் ரோபோ எழுந்ததும் உட்கார்ந்துவிடுகிறது

கேள்வி:
தரையில் வரைந்த கோட்டைப் பின்தொடரும் வண்டியில் ஆரம்பித்தேன். அப்புறம் ஒலி அலையால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் வைத்து, சுவரில் முட்டாமல் ஓடும் வண்டி. இப்போது நாலு கால் ரோபோ. காலுக்கு 3 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்), மொத்தம் 12. ஒரு காலை மட்டும் ஆட்டினால் அழகாக ஆடுகிறது. நாலையும் சேர்த்து எழுப்பினால் பாதி எழுந்து, கிடுகிடுவென நடுங்கி, பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறது. ரோபோவை இயக்கும் ஆர்டுயினோ போர்டும் ரீசெட் ஆகிறது. நிரலை மூன்று முறை திருத்திவிட்டேன். அடுத்து ஆறு கால் செய்ய ஆசை, இதுவே நிற்கவில்லையே!

பதில்:
நிரலை விடுங்கள். சர்வோக்களுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

கேட்டவர்:
போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து.

பதில்:
அதேதான். உடல் எடையைத் தூக்கும்போது சர்வோக்கள் எல்லாம் சேர்ந்து ஆம்பியர் கணக்கில் இழுக்கும். மின்னழுத்தம் சரிந்தால் போர்டு ரீசெட் ஆகத்தான் செய்யும். சர்வோக்களுக்குத் தனி பேட்டரி வையுங்கள். ஆனால் கிரவுண்டை (மைனஸ் கம்பியை) இரண்டுக்கும் பொதுவாக இணைக்க வேண்டும். நான் அதை மறந்து ஒரு ஞாயிறு முழுக்க வீணாக்கினேன்.

இன்னொருவர்:
ஆறு காலுக்கு 18 சர்வோ. சர்வோக்களை இயக்கும் பிசிஏ9685 போர்டில் 16 சேனல்தான், சேனலுக்கு ஒரு சர்வோ; இரண்டு போர்டு வாங்கிவிடுங்கள். நடப்பது என்னவோ ஆறு காலுக்குத்தான் சுலபம்: மூன்று கால் தரையில், மூன்று காற்றில். சுலபத்தில் விழாது.

கேட்டவர்:
தனி பேட்டரி போட்டேன், நின்றுவிட்டது! ஒரு முழங்கால் சர்வோவைத் திருப்பி மாட்டியிருக்கிறேன் போல. நாய் மாதிரி பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.