அப்பாவின் நடுக்குவாதத்துக்குக் குடல் பாக்டீரியா கேப்சூல் வாங்கலாமா?

காவேரிக்கரை:

வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர், பேரேட்டில் முத்து முத்தாக எழுதிய கை. இப்போது மளிகைச் சீட்டு எழுதச் சொன்னால் முதல் வரியில் துவரம்பருப்பு பெரிதாகத்தான் ஆரம்பிக்கிறது. கடைசி வரியில் கடுகு கடுகளவுக்கு வந்துவிடுகிறது. அதைப் பார்த்துத்தான் டாக்டரிடமே கூட்டிப்போனோம்.

லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை, மூன்று வேளை. காலை மாத்திரை நன்றாகப் பிடிக்கிறது, சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். மதிய மாத்திரைதான் பல நாள் போட்ட மாதிரியே தெரிவதில்லை. மலச்சிக்கல் வேறு. அது கை நடுங்க ஆரம்பிப்பதற்குப் பல வருடம் முன்பிருந்தே உண்டு என்கிறார் அம்மா.

சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். இந்த நோய் மூளையிலேயே இல்லையாம், வயிற்றுப் பாக்டீரியாவில்தானாம். ஒரு கேப்சூல் இருக்கிறதாம், மாதம் நாலாயிரம் ரூபாய், மற்ற மாத்திரையை எல்லாம் நிறுத்திவிடலாமாம். பக்கத்து வீட்டில் பூனைக்காலி லேகியம் சொல்கிறார்கள். இதில் எது நிஜம்?

அகார்தட்டு:

சகோதரி, நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவன், டாக்டர் இல்லை. வீடியோவில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது விலை போகிறது.

வயிற்றுக்கும் இந்த நோய்க்கும் உறவு உண்டு என்பது புதிய கதையே இல்லை. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் முதன்முதலாக நோயை விவரித்தபோதே மலச்சிக்கலைக் குறித்து வைத்தார். ஹவாயில் ஜப்பானிய வம்சாவளி ஆண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். தினமும் வெளிக்குப் போகாதவர்களுக்குப் பின்னாளில் பார்க்கின்சன் அதிகம் வந்தது என்று 2001-இல் முடிவு வெளியானது. 2003-இல் ஹைக்கோ பிராக் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளர் ஒரு கருத்தை வைத்தார்: ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதம் தப்பாக மடிந்து கட்டியாவது சிலருக்குக் குடல் நரம்புகளிலேயே தொடங்கி, வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்கு ஏறுகிறது என்று. எல்லா நோயாளிக்கும் இது பொருந்தவில்லை. சிலருக்கு மூளையில்தான் தொடக்கம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

பாக்டீரியா எங்கே வருகிறது? ஹெல்சிங்கியில் 72 நோயாளிகளின் மலத்தையும் அதே எண்ணிக்கையில் மற்றவர்களின் மலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். பிரிவோட்டெல்லா என்ற பாக்டீரியாக் குடும்பம் நோயாளிகளிடம் வெகுவாகக் குறைந்திருந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வுக்கூடத்தில், அந்த ஆல்ஃபா-சைனூக்ளின் புரதம் அதிகம் சுரக்கும்படி செய்த எலிகளைக் கிருமியே இல்லாமல் வளர்த்தார்கள். நோய்க்குறி குறைந்தது. பார்க்கின்சன் நோயாளிகளின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்ததும் மோசமானது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஆனால் அது எலி. உங்கள் அப்பா எலி இல்லை.

மனிதர்களிடம் என்ன ஆனது? ஆரோக்கியமானவர்களின் மலத்தை நோயாளியின் குடலில் செலுத்திப் பார்த்த இரண்டு சோதனைகள் 2024-இல் வந்தன. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஒரு வருடம் கழித்து அசைவில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. பின்லாந்தில் ஆறு மாதம் பார்த்ததில் போலி சிகிச்சை பெற்றவர்களைவிட எந்த லாபமும் இல்லை, வயிற்று உபாதைதான் கூடுதல். ஒரு குடலின் பாக்டீரியாக் கூட்டத்தையே மாற்றிப் பார்த்து வந்த முடிவு இது. இரண்டு மூன்று இனங்களைக் கேப்சூலில் அடைத்து நோயைத் தீர்க்கிறேன் என்பவரிடம் என்ன கேட்பது?

மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென விட்டால் உடம்பு விறைத்து, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்னொன்று, அந்த வீடியோக்காரர் சொல்லாமல் விட்டது. இந்த நோயில் மூளையில் டோபமின் என்ற பொருள் குறைகிறது. லெவோடோபா மூளைக்குள் போய்த்தான் டோபமினாக மாற வேண்டும். ஆனால் குடலில் இருக்கும் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியா லெவோடோபாவையே டோபமினாக மாற்றித் தின்றுவிடும். டோபமின் குடலிலேயே உருவானால் மூளைக்குப் போய்ச் சேராது. கூடவே வரும் கார்பிடோபா, வழியிலேயே இப்படி மாற்றிவிடும் நம் உடம்பின் நொதியைத் தடுக்கும், பாக்டீரியாவின் நொதியிடம் அதன் பாச்சா பலிப்பதில்லை. 2019-இல் ஹார்வர்டிலும் நெதர்லாந்தின் குரோனிங்கனிலும் இரண்டு குழுக்கள் இதைக் காட்டின. அதைத் தடுக்கும் மருந்து கடைக்கு வரவில்லை.

பவானிசாகர்:

அம்மணி, அவர் சொன்ன ஆராய்ச்சி எல்லாம் சரி. நான் வீட்டுக்காரம்மாவுக்குப் பத்து வருசமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன், ஒன்றே ஒன்று கேட்கிறேன். மதிய மாத்திரையை அப்பா எப்போது, எதோடு சாப்பிடுகிறார்?

காவேரிக்கரை:

ஐயா, முழுங்கச் சிரமப்படுகிறார் என்று அம்மா அதைத் தயிர்சாதத்தின் முதல் உருண்டைக்குள் வைத்துக் கொடுத்துவிடுவார். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரோடுதான்.

பவானிசாகர்:

அப்படிப் போடுங்க. பாக்டீரியாவைத் தேடுவதற்கு முன்னால் தயிரைப் பாருங்கள். தயிர், பருப்பு, முட்டை, கறி, எல்லாம் புரதம். புரதம் உடைந்து வரும் அமினோ அமிலமும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், மூளைக்குள் போகும்போதும் அதே தள்ளுமுள்ளு. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் தண்ணீரோடு கொடுத்துப் பாருங்கள். குமட்டினால் ஒரு வாய் வாழைப்பழம் கொடுக்கலாம். என் வீட்டில் அலாரம் வைத்தேன். அது அடித்தால் மாத்திரை, அடுத்த அலாரத்துக்குத்தான் சாப்பாடு. முதலில் சண்டை போட்டாள், இப்போது நான் மறந்தால் அவள் திட்டுகிறாள். தயிரை நிறுத்த வேண்டாம், இளைத்துப் போவார். நேரத்தை மட்டும் தள்ளுங்கள். முழுங்கச் சிரமம் என்பதையும் டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

மலச்சிக்கலையும் சும்மா விடாதீர்கள். தண்ணீர், கீரை, கொய்யாப்பழம், தினமும் நடை, காலையில் சாப்பிட்டதும் கழிப்பறையில் உட்காரும் பழக்கம். போதவில்லை என்றால் டாக்டர் எழுதிக் கொடுக்கும் பேதி மருந்தை வெட்கப்படாமல் கொடுங்கள்.

அகார்தட்டு:

பெரியவர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மலச்சிக்கலுக்காக மட்டும் என்றால் புரோபயாட்டிக்கிலும், அதாவது நல்ல பாக்டீரியா அடைத்த மருந்திலும், கொஞ்சம் பலன் உண்டு, மலேசியாவில் பார்க்கின்சன் நோயாளிகளிடமே பார்த்து 2021-இல் வெளியிட்டிருக்கிறார்கள். நடுக்கத்துக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாலாயிரமும் தேவையில்லை.

மருந்தாளுநர்_ரா:

பூனைக்காலி பற்றி யாருமே சொல்லவில்லையே. அது வெறும் பேச்சு இல்லை, அந்த விதையிலேயே லெவோடோபா இருக்கிறது. ஆபத்தும் அதில்தான். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் அளவு தெரியாத லேகியத்தையும் சேர்த்தால் இரட்டை டோஸ் ஆகிவிடும். குமட்டல், எழுந்து நின்றால் தலைசுற்றல், இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது, கைகால் தானாகத் துள்ளுவது எல்லாம் வரும். வாங்குவதாக இருந்தால் நியூராலஜி டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

அப்பாவின் சீட்டில் ட்ரைஹெக்சிஃபெனிடில் இருக்கிறதா? பேசிடேன் என்ற பெயரில் வரும். நடுக்கத்துக்காகக் கொடுப்பது, மலத்தை நன்றாகக் கட்டும், வயதானவர்களுக்கு மறதியும் குழப்பமும் தரும்.

காவேரிக்கரை:

சீட்டில் இருக்கிறது, இரவு ஒன்று. வருகிற செவ்வாய் டாக்டரைப் பார்க்கிறோம், கேட்கிறேன். அதுவரை நிறுத்தி வைக்கலாமா?

மருந்தாளுநர்_ரா:

வேண்டாம். அதையும் சட்டென்று விடக்கூடாது, குறைப்பதாக இருந்தால் டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். சீட்டோடு போகும்போது மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், கை தளர்ந்த நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.